திறந்த வரைபடத்தில் நம் புளோக்கும் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தாயாரை மாதம் ஒருமுறை பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள், கைத்தொலைபேசிச் செயலி ஒன்று காட்டிய குறுக்குவழியை நம்பி இரண்டு அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே நுழைந்தபோது, மூன்றே மூன்று படிகள் எங்களை நிறுத்திவிட்டன. வந்த வழியே திரும்பி, தூறலில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் மடியிலிருந்த மருத்துவ அட்டை ஊறிப்போயிற்று. பக்கத்துப் புளோக்கின் பின்புறம் ஒரு சாய்தளம் இருந்தது என்பதைப் பிறகுதான் அங்குக் குடியிருக்கும் ஒரு பாட்டி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று படிகளையும் சாய்தளத்தையும் நானே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தை, இலவசமாக ஒரு கணக்குத் திறந்துகொண்டு யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நடைபாதைக் கோட்டைப் படிகள் தொடங்கும் இடத்தில் வெட்டி, அந்தத் துண்டைப் படிக்கட்டு என மாற்றி, படிகள் மூன்று, கைப்பிடி உண்டு என்று குறித்தேன். சாய்தளத்தைத் தனிக் கோடாக வரைந்தேன். கோட்டின் இரு முனைகளையும் நடைபாதையோடு இணைக்க மறந்ததுதான் முதல் தடவை நான் செய்த பிழை. கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தாலும், இணைப்பு இல்லாவிட்டால் வழிகாட்டும் செயலி அந்தப் பக்கமே திரும்பாது. திருத்தியதும் சில நிமிடங்களில் இணையதள வரைபடத்தில் தெரிந்தது. இதே தரவைக் கொண்டு இயங்கும் கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு வந்துசேரக் கூடுதல் காலம் பிடிக்கும்.

நம் சிங்கப்பூரில் ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்கும் தனி ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருப்பதால் புளோக்கைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கடைசி ஐம்பது மீட்டரில்தான் தடுமாற்றம்: மின்தூக்கி எந்தப் பக்கம், கூரையுள்ள நடைபாதை எங்கே முடிகிறது, சாலையோரக் கல் எங்கே தாழ்த்தப்பட்டிருக்கிறது. இவற்றை ஆகாயப் படத்தைப் பார்த்து வரைய முடியாது. தினமும் அந்த வழியே சந்தைக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ் வாசகர்கள் கைவைக்க வேண்டிய இன்னோர் இடமும் உண்டு. இந்த வரைபடத்தில் ஓர் இடத்தின் தமிழ்ப் பெயரைத் தனியாகப் பதிவு செய்யலாம். வட்டாரத்தில் புழங்கும் பெயருக்கும் இடமிருக்கிறது. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தவர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். கம்பம் என்றால் இங்குக் கிராமம்; அக்கம்பக்கத்தில் இருந்த சுண்ணாம்புத் தொழிலால் வந்த பெயர் அது. அலுவல்முறைப் பெயரோடு இப்படிப்பட்ட பெயர்களும் பதிவாக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பெயர்ப்பலகையில் உள்ள தமிழை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதுங்கள். பலகையில் தமிழே இல்லையென்றால் நாமாக ஒரு மொழிபெயர்ப்பைப் புனைந்து போடுவதைவிடக் காலியாக விடுவது மேல்.

வேறு வரைபடங்களைப் பார்த்து நகலெடுப்பதும் கூடாது. அவற்றுக்குக் காப்புரிமை உண்டு. நேரில் கண்டதை எழுதுவதே இங்கு வழக்கம். கைதவறி எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றோடு பதிவாவதால், தவறானதைப் பழையபடி மீட்க முடியும். என் திருத்தம் ஒன்றை முகம் தெரியாத ஒருவர் அப்படித்தான் மாற்றிவிட்டு, காரணத்தையும் பணிவாக எழுதியிருந்தார். கொஞ்சம் சுருக்கென்றிருந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

சென்ற வாரம் போனபோது அந்தச் சாய்தளத்தின் முன் பராமரிப்பு வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துச் செல்வதற்குள் ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்து, வரைபடத்தில் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்