குதிரை தூங்கட்டும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ தூங்கிவிட்டாய். அம்மா முருங்கைக்காய் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை. பார்த்தால், தலையணையில் கன்னம் அழுந்தி, வாய் சற்றே திறந்து, சிறு வயதில் காய்ச்சலோடு என் மடியில் கிடந்த அதே முகம். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி சரிந்து உன் அறையின் கூரையைக் காட்டத் தொடங்கியது. நாங்கள் துண்டிக்கவில்லை. பத்து நிமிடம் அந்த வெள்ளைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

தொலைபேசியில் சொன்னால், "சரி அப்பா, சரி அப்பா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் வாசி.

உனக்கு ஒரு குதிரையின் கதை சொல்ல வேண்டும். அது எனக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2022 ஜூலை தொடக்கம், நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த காலம். அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். ஆனாலும் எரிபொருள் ஏற்றிய பவுசர் வரும் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி, ஓட்டோவைக் காலி வீதியில் வரிசையில் விட்டுவிட்டு மூன்று இரவுகள் அதற்குள்ளேயே படுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஓட்டோ மருதானையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவுடையது. எழுபது வயதிருக்கும். இரண்டாம் நாள் இரவு அவர் மீன் வைத்த ஒரு மாலு பாணைப் பாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டினார். முன்னால் நின்ற சிங்களத் தம்பி வீட்டிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான். தெரு விளக்கு இல்லை. கடல் இரைச்சல் மட்டும்.

நானாவின் தகப்பனார் கறுவாத்தோட்டக் குதிரைப் பந்தயத் திடலில் குதிரைக்காரராக இருந்தவராம். நீ படித்த பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், இப்போது கடைகளும் றக்பி மைதானமுமாக இருக்கிறதே, அந்த இடம்தான். 1893 முதல் அங்கே குதிரைகள் ஓடின. இரண்டாம் உலகப் போரில் அதையே விமானத் தளமாக்கிவிட்டார்கள். அதற்கும் முன்பு, வெள்ளைக்காரர்கள் குதிரை ஓட்டியது காலிமுகத்திடலில். அந்த வாரம் அதே திடலில், ஆட்சிக்கு எதிராகப் போராடிய பிள்ளைகள் கூடாரம் அடித்து இருந்தார்கள். நானா அதைச் சொல்லிவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகுதான் தகப்பனார் துரைமாரிடமிருந்து கேட்டு வந்து தனக்குச் சொன்ன கதை என்று சீபிஸ்கட்டின் கதையைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1929இல் பங்குச் சந்தை விழுந்த பிறகு, நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை என்ற நிலை வந்ததல்லவா, அந்தக் காலத்துக் குதிரை. கட்டையான உடம்பு, முட்டி புடைத்த வளைந்த கால்கள். பேர் கூட ஏழைப் பேர்: கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாத, கல் போன்ற மாலுமிகளின் ரொட்டிக்குத்தான் அந்தப் பேர். ஓடிய முதல் 17 பந்தயங்களிலும் தோற்றது. அப்படிப்பட்ட குதிரை 1938 நவம்பர் முதலாம் திகதி பால்டிமோரில், பிம்லிக்கோ என்ற திடலில், வார் அட்மிரலோடு தனித்து மோதியது. வார் அட்மிரல் முந்திய வருடம் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரை. பந்தயம் கட்டியவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கம்தான். திடலில் 40,000 பேர். வானொலியில் நாலு கோடிப் பேர் கேட்டார்களாம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் கேட்டார்.

நானா அந்த ஓட்டத்தைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. ஓட்டோவின் கைப்பிடியைக் கடிவாளம் போலப் பிடித்துக்கொண்டு சொன்னார். மணி அடித்ததும் சீபிஸ்கட் முந்திப் பாய்ந்தது. பாதி தூரத்தில், அதன் மேலிருந்து ஓட்டிய ஜொக்கி ஜோர்ஜ் வுல்ஃப் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வார் அட்மிரலைப் பக்கத்தில் வரவிட்டார். இரண்டு குதிரைகளும் கண்ணோடு கண் பார்த்தபடி ஓடின. போட்டியாளனின் கண்ணைப் பார்த்தால்தான் சீபிஸ்கட்டுக்கு ரோசம் வருமாம். பார்த்தது. பிறகு நாலு குதிரை நீளம் முன்னால் போய் வென்றுவிட்டது. முன்னால் நின்ற தம்பிக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் கை தட்டினான். வரிசையில் நாலைந்து பேர் இறங்கி வந்து, பெற்றோல் வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

மகளே, அந்த இரவு எனக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியாது. காஸ் இல்லை, அம்மாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து நாலு பார்மசி ஏறியும் கிடைக்கவில்லை, உழைப்பு இல்லை. அந்த நிலையில் எண்பது வருடத்துக்கு முன்னே ஓடிய ஒரு குதிரைக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு சதம் கையில் இல்லாத சனங்கள் அன்று ஏன் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள் என்று எனக்கு விளங்கியது. அவர்களும் எங்களைப் போல வரிசையில் நின்றவர்கள்தானே.

அந்தத் தெம்பில்தான், விடியற்காலை, உனக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். "மகள், இந்த மாதம் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" உன்னிடம் நான் கேட்ட முதல் காசு. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அனுப்புகிறேன் அப்பா." அந்த மாதமே நீ முதியோர் இல்லத்தில் இரவு வேலையைப் பிடித்தாய். பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசை, இரவில் முதியோர் இல்லம். இன்று வரை இரண்டையும் விடவில்லை.

அந்தப் பணம் வந்திராவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது, சாப்பாட்டுச் சாமான்களுக்கு 95ஐ நெருங்கியது. எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதில் எத்தனை ஓட்டம் ஓடலாம் சொல். நீதான் எங்களைத் தாங்கினாய். இதை நான் மறக்கவில்லை.

ஆனால் கதையின் மீதியை இப்போது கேள். நானா சொன்னது வெற்றியை மட்டும். எனக்கு அந்தக் குதிரை மனத்தைவிட்டுப் போகவில்லை. ஓட்டோ ஓட்டம் ஓரளவு சீரான பிறகு, விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகத்துக்குச் சவாரி கிடைக்கும் நாள்களில் உள்ளே போய், கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அங்கேதான் எனக்கு உன் நினைவு வந்து நெஞ்சு அடைத்தது.

அந்தக் குதிரை ஏன் முதலில் தோற்றது தெரியுமா? ஓட்டம் தெரியாமல் அல்ல. அமெரிக்காவின் தலைசிறந்த குதிரைகளில் ஒன்றான மான் ஓ வாரின் பேரன் அது. இரண்டு வயதில், அந்த ஒரே வருடத்தில், அதை 35 பந்தயங்களில் ஓடவிட்டார்கள். 35! எலும்பு முற்றாத குட்டி. சோம்பேறி என்று பேர் வைத்துச் சவுக்கால் அடித்தார்கள். 1936இல் சார்ள்ஸ் ஹவார்ட் என்பவர் 8,000 டொலருக்கு அதை வாங்கியபோது விலா எலும்பு தெரிந்தது, தீனி எடுக்கவில்லை, லாயத்துக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடந்தது, ஆள் கிட்டப் போனால் பாய்ந்தது.

ஹவார்ட் சைக்கிள் திருத்தும் கடையில் தொடங்கி, கார் விற்றுப் பணக்காரரானவர். தன் மகனை லொறி விபத்தில் பறிகொடுத்தவர். அவர் அமர்த்திய பயிற்றுநர் டொம் ஸ்மித், வாய் திறந்து பேசாத மனிதர். இந்த ஸ்மித்தை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் செய்ததைப் பார். முதல் வேலையாகக் குதிரையைத் தூங்கவிட்டார். மற்றக் குதிரைகள் விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும்போது இது படுத்துக் கிடக்கும். யாரும் எழுப்பக் கூடாது. இரண்டு லாயங்களுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து இடத்தைப் பெரிதாக்கினார். தனியாக இருந்தால் பதறுகிறது என்று கண்டு, துணைக்கு முதலில் ஓர் ஆட்டைக் கட்டினார். சீபிஸ்கட் அதைப் பல்லால் கவ்வித் தூக்கி வெளியே போட்டுவிட்டதாம். பிறகு பம்ப்கின் என்ற மஞ்சள் நிறக் குதிரையைக் கொண்டுவந்தார். அதன் பெயருக்குப் பூசணி என்று பொருள். அதோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தெருநாயும் ஒரு குரங்கும் கூட வந்து சேர்ந்தன. ஜொக்கிக்குச் சவுக்கைத் தேவையில்லாமல் தொடாதே என்றார். உடம்பு தேறியது. தின்றது, தூங்கியது, பிறகு ஓடியது.

அந்த ஜொக்கி ரெட் பொலார்ட் நீ இருக்கும் கனடா நாட்டுக்காரர். எட்மன்டனில் பிறந்தவர். ஒரு கண் பார்வை இல்லை. வேலை போய்விடும் என்று அதை யாருக்கும் சொல்லாமல் ஓட்டினார். உனக்குத் தலைவலி வருவதை எங்களுக்குச் சொல்லாமல் மறைக்கிறாயே, அப்படி. 1938இல் வார் அட்மிரலோடு நடந்த ஓட்டத்தில் ஏறியிருக்க வேண்டியவர் அவர்தான். கால் நொறுங்கி வைத்தியசாலையில் கிடந்ததால், வுல்ஃபுக்கு அந்தக் கண்ணோடு கண் பார்க்கும் யோசனையைச் சொல்லி அனுப்பிவிட்டு வானொலியில் கேட்டார்.

அடுத்த வருடம் குதிரைக்கும் முன்னங்கால் தசைநார் கிழிந்தது. முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கலிபோர்னியாவில் ஹவார்டின் பண்ணையில் கால் காயப்பட்ட குதிரையும் காலொடிந்த பொலார்டும் ஒன்றாக இருந்தார்கள். முதலில் நடந்தார்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரைக்கும் என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன். மாதக்கணக்கில் வேறு வேலை இல்லை. சாந்தா அனிற்றா என்ற பெரும் பந்தயத்தை 1937இலும் 1938இலும் மயிரிழையில் தவறவிட்ட குதிரை அது. 1940 மார்ச் 2ஆம் திகதி, ஏழு வயதில், அதே பொலார்ட் மேலேயிருக்க, அதே பந்தயத்தை வென்றது. அதோடு ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1947இல் அந்தப் பண்ணையிலேயே இறந்தது.

இதை வாசித்த அன்று ஓட்டோவில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் எஞ்சினைப் போடாமல் இருந்தேன். சனங்களுக்கு நம்பிக்கை கொடுத்த குதிரை என்று அதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சரிதான், எனக்கும் அது கொடுத்தது. ஆனால் அந்தக் குதிரைக்கு யார் கொடுத்தது? எழுப்பாதே, தூங்கட்டும் என்று லாயத்து வாசலில் நின்ற ஒரு மனிதர் கொடுத்தார். 2022 ஜூலையில் உன் வாசலில் நின்ற நான் எழுப்பியல்லவா விட்டேன்.

இப்போது எங்கள் கணக்கைச் சொல்கிறேன், ஒளிக்காமல். விலை இறங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மின்கட்டணம் அப்போதைய மாதிரி இல்லை, தேங்காய் வாங்கும்போது அம்மா இன்னும் இரண்டு தரம் யோசிக்கிறார். ஆனால் பெற்றோல் வரிசை இல்லாமல் கிடைக்கிறது, நான் காலை ஐந்தரைக்கு வெளியே போனால் மத்தியானத்துக்குள் வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் கணக்காக உழைத்துவிடுகிறேன். மருந்தும் கிடைக்கிறது. உன் தம்பி வேலைக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம்.

கடந்த பதினொரு மாதங்களாக நீ அனுப்பியதில் ஒரு சதம் நாங்கள் தொடவில்லை. அம்மாவின் யோசனை. உன் பெயரில் வங்கியில் போட்டிருக்கிறோம், புத்தகம் அலுமாரியில் உன் பழைய பாடசாலைக் கழுத்துப்பட்டிக்குக் கீழே இருக்கிறது. சொன்னால் நீ கோபப்படுவாய் என்று அம்மா பயந்தார். கோபப்படு, பரவாயில்லை. இரவு வேலையை விட்டுவிட்டு நீ அங்கே நாலைந்து மாத அறை வாடகையை அதிலிருந்து கட்டலாம். மேலே படிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னாயே, அதை அதற்குள் யோசி. யோசிக்காமல் சும்மா இருந்தாலும் எனக்குச் சரி.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். தேவை வந்தால் நானே கேட்பேன், உன்னிடம் கேட்க எனக்கு வெட்கம் இல்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே.

நானாவை இரண்டு மாதத்துக்கு முன் பொறளைச் சந்தியில் சிவப்பு விளக்கில் கண்டேன். ஓட்டோவுக்குள்ளிருந்து கையைக் கடிவாளம் பிடிப்பது போலக் காட்டினார். விளக்கு மாறிவிட்டது, கதைக்க முடியவில்லை. உன் மகள் எப்படி என்று மட்டும் கத்திக் கேட்டார். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா மிளகாய்த் தூளும் கறிவேப்பிலை வறுத்ததும் கட்டி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மாமியின் மருமகன் அடுத்த மாதம் ரொறன்ரோ வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறோம்.

வருகிற ஞாயிறு நீ வேலை முடிந்து வந்த கையோடு எங்களை அழைக்காதே. தொலைபேசியை நிறுத்திவிட்டுப் படு. எழும்பி, குளித்து, சாப்பிட்ட பிறகு எடு. இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா