லெசோத்தோவுக்குக் குளிர்காலத்தில் போக விரும்புவோருக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு மாதமாக எங்கள் சேலம் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "ஆப்பிரிக்காவில் பனி விழும் நாடு ஒன்று இருக்கிறதாமே, டிசம்பர் விடுமுறையில் அங்கே அழைத்துப் போவீர்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

அப்படி ஒரு நாடு இருப்பது உண்மைதான். பெயர் லெசோத்தோ, அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'லெசூட்டூ' என்பது போல ஒலிக்கும். ஆனால் டிசம்பரில் பனி பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் நாடு என்பதால் டிசம்பர் அங்கே கோடை. பிற்பகல் இடிமழையில் மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கும். குளிர்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடும் காலம் அது என்பது எங்களுக்கும் தெரியும். மே விடுமுறையிலேயே போகலாமா என்று கேட்பவர்களுக்கு: குளிர் இருக்கும்; ஆனால் பனி விழும் என்று உறுதி சொல்ல முடியாது.

இந்த நாட்டை நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்கிறது. பரப்பளவு 30,355 சதுர கிலோமீட்டர். இதன் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரம். அதாவது நம் ஏற்காடு இருக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த நாட்டின் பள்ளமே தொடங்குகிறது. முழு நிலப்பரப்பும் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் தனி நாடு உலகில் இது ஒன்றுதான். உச்சி தபானா நிட்லென்யானா, 3,482 மீட்டர். தொட்டபெட்டாவின் மேல் இன்னும் எண்ணூறு மீட்டர் அடுக்கினால் வரும் உயரம்.

இனி பனியைப் பற்றி. வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை, இதை மறைத்து டிக்கெட் விற்க எங்களுக்கு மனமில்லை. லெசோத்தோவில் மழை பெய்வது பெரும்பாலும் கோடையில், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. குளிர்காலம் வறண்டது. வாரக்கணக்கில் மேகமே இல்லாத நீல வானம், சுள்ளென்ற வெயில், இரவானால் எலும்பைத் துளைக்கும் குளிர் என்றுதான் நாட்கள் கழியும். தெற்கிலிருந்து குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று ஏறி வரும்போது மட்டும் பனி விழும். இரண்டு மூன்று நாளில் வெயில் படும் சரிவுகளில் அது உருகிவிடும். நீங்கள் போகும் வாரத்தில் அந்தக் காற்று வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வராவிட்டாலும் பனியே பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. மஹ்லசேலா கணவாய்ப் பக்கம், மூவாயிரம் மீட்டருக்கு மேலே, ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு விடுதி இருக்கிறது. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் இயந்திரங்களை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்கிச் சரிவில் பரப்புவார்கள். முக்கியமான சறுக்குப் பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இதுவரை சறுக்குக் கட்டையில் கால் வைத்திராதவர்களுக்கு அதுவே தாராளம். ஆனால் சுவிட்சர்லாந்தை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இயற்கையாகப் பனி விழாத வாரத்தில், காய்ந்த புல் மூடிய பழுப்பு மலைகளுக்கு நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள். எங்களுக்கு அந்தப் பழுப்பு நிறமே பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கும் என்று சொல்லி அழைத்துப் போக மாட்டோம்.

குளிர் மட்டும் உறுதி. 1967 ஜூனில் லெட்செங் பகுதியில் மைனஸ் 20.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு எப்போதும் போகாது என்றாலும், மேல்மலைகளில் குளிர்கால இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போவது அன்றாடம் நடப்பது. விடுதிகளில் கட்டடம் முழுவதையும் சூடாக்கும் ஏற்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். விறகு அடுப்பு, கேஸ் ஹீட்டர், கனத்த போர்வை இவைதான். ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மெல்லிய உடைகள் நல்லவை. காலையில் நான்கையும் போட்டுக்கொண்டு கிளம்பி, நண்பகலில் இரண்டைக் கழற்றி, ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

போர்வையை மட்டும் இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள், அங்கே வாங்குங்கள். லெசோத்தோவில் வாழும் பசோத்தோ மக்களுக்குக் கம்பளிப் போர்வைதான் மேலாடை, திருமண உடை, அந்தஸ்து எல்லாமே. குதிரை மேல் போகிற மேய்ப்பரும் அதைத்தான் போர்த்தியிருப்பார். 1860-இல் மன்னர் முதலாம் மொஷ்வேஷ்வேக்கு ஒரு போர்வை அன்பளிப்பாக வந்ததிலிருந்து இந்த வழக்கம் வேரூன்றியதாகச் சொல்வார்கள். போர்வையில் ஓடும் கோடுகள் முதலில் நெசவுப் பிழையாக வந்து, மக்களுக்குப் பிடித்துப்போனதால் நிலைத்துவிட்டன என்று ஒரு கதையும் உண்டு. கோடு நெட்டுக்குத்தாக வரும்படி போர்த்த வேண்டும், வளர்ச்சியின் அடையாளமாம். நெசவுக்குப் பேர்போன ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கடைகளில் நேரம் போவதே தெரியாது. சென்ற முறை எங்கள் குழுவில் இருந்த விசைத்தறிக்காரர் ஒருவரை வெளியே இழுத்து வர அரை மணி நேரம் பிடித்தது.

எங்கள் பாதை இது. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, எல்லைக்கு இப்பால் கிளாரென்ஸ் என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்குவோம். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால் இந்த இரவைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் கலெடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடி வழியாக லெசோத்தோவின் புத்தா-புத்தே நகரம். அங்கிருந்து மோட்டெங் கணவாயில் வளைந்து வளைந்து ஏறி ஆஃப்ரிஸ்கி, இரண்டு இரவு. பிறகு 3,200 மீட்டருக்கும் மேலே போகும் ட்லாயெங் கணவாயைத் தாண்டி மொகொட்லொங் நகரம். வழியில் லெட்செங் வைரச் சுரங்கம் இருக்கிறது. 2018-இல் 910 காரட் எடையுள்ள கல் கிடைத்த இடம். உள்ளே விட மாட்டார்கள். யாராவது பட்டை தீட்டாத கல்லைக் காட்டி விலை பேசினால் நின்று கேட்கவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வாங்குவது குற்றம்.

கடைசியாக சானி கணவாய். உச்சி 2,870 மீட்டர் சொச்சம். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்துக்குள் ஊசிமுனை வளைவுகளாக இறங்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டுமே அனுமதி. நாங்கள் ஓட்டுவதில்லை, அந்த மலையிலேயே வண்டி ஓட்டும் உள்ளூர் ஓட்டுநர்களிடம் ஒப்படைத்துவிடுவோம். நிழல் விழும் வளைவுகளில் பனிக்கட்டி உறைந்திருந்தால் அவர்கள் போக முடியாது என்பார்கள். அப்போது அவர்களோடு வாதாடக் கூடாது, வந்த வழியே சுற்றிப் போக வேண்டும். அதற்காகவே திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம். அந்த நாளில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டு, கட்டணத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் 2024 செப்டம்பரை நினைத்துப் பார்க்கலாம். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் பெரும்பனி கொட்டி, ஜோகன்னஸ்பர்க்–டர்பன் நெடுஞ்சாலையிலேயே வான் ரீனன் கணவாய் அருகே வண்டிகள் இரவு முழுக்கச் சிக்கிக் கிடந்தன.

பயணம் டர்பனில் முடியும். 1860-இல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன 'ட்ரூரோ' கப்பல் கரை சேர்ந்த ஊர். பத்து நாள் குளிருக்குப் பிறகு அங்கே முருகன் கோயில் வாசலில் நிற்பது ஒரு தனி அனுபவம்.

தாள்கள் விஷயத்தில் எங்களுக்கே ஒரு முறை சூடு பட்டிருக்கிறது. வாடகைக் கார் லெசோத்தோ எல்லையைத் தாண்ட, வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். வண்டியோடு கடிதமும் தருவதாகச் சொன்ன நிறுவனம் தரவில்லை, நாங்களும் சரிபார்க்கவில்லை. சாவடியில் ஆறு பேரோடு திருப்பி அனுப்பப்பட்டு ஒரு பகல் வீணானது. இப்போது கடிதம் கையில் வந்த பிறகுதான் சாவியை வாங்குகிறோம். அதேபோல, நீங்கள் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள்; எனவே பலமுறை நுழையும் விசாவே கேட்டு வாங்க வேண்டும். முத்திரைகளுக்காக பாஸ்போர்ட்டில் நான்கு வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும். லெசோத்தோவுக்கான விதிகளைப் பயணத் தேதி முடிவானதும் நாங்களே பார்த்து எழுதுவோம். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக டிக்கெட் எடுப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழோடு வருவது நிம்மதி. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். லெசோத்தோவில் மலேரியா இல்லை, அதற்கு மாத்திரை தேவையில்லை.

பணம்: அவர்கள் நாணயம் லோட்டி, பன்மையில் மலோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சரிக்குச் சரி. ராண்டை லெசோத்தோவில் எங்கும் வாங்குவார்கள்; மலோட்டியை எல்லைக்கு வெளியே பொதுவாக வாங்க மாட்டார்கள். ஆகவே மீதியை அங்கேயே செலவழித்துவிடுங்கள். மின்சாரத்துக்கு நம் வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுகிற பெரிய மூன்று முனை பிளக்தான் அங்கேயும். செல்போன் சார்ஜரின் சின்ன பிளக் பொருந்தாது.

சைவம் சாப்பிடுவோர் கவலைப்பட வேண்டாம். 'பாப்பா' என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. 'மொரோஹோ' கீரைக் கடைசலுக்கு அண்ணன் தம்பி. சோளத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் 'மொட்டோஹோ' என்ற கூழைக் குடித்தால் ஆடி மாதம் ஊரிலேயே இருப்பது போல இருக்கும். பெரியவர்களைப் பார்த்தால் 'லுமேலா, ந்டாட்டே' என்று ஆண்களிடமும், 'லுமேலா, ம்மே' என்று பெண்களிடமும் சொல்லுங்கள். நாம் வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா என்பது போலத்தான்.

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு மட்டும் பெயர் கொடுங்கள். மூவாயிரம் மீட்டரில் முதல் இரவு தலைவலியும் தூக்கமின்மையும் நல்ல உடம்புக்காரர்களுக்கே வரும்.

ஜூலைக் குழுவில் பன்னிரண்டு இடங்கள். விசா வேலைக்கு நேரம் வேண்டியிருப்பதால் மார்ச் இறுதிக்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவையுங்கள். கட்டண விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். டிசம்பரில்தான் போக முடியும் என்பவர்களும் சொல்லுங்கள். பச்சை மலையும் குதிரைச் சவாரியுமாக வேறொரு திட்டம் போட்டுத் தருகிறோம், அதற்குக் கம்பளிக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்,
சேலம்