அளவு இருக்கிறது, யூனிட் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு சிறுவனின் படத்தைப் போட்டு, அவனுக்கு ஐ.க்யூ. (புத்திக்கூர்மையை அளக்கும் எண்) 148 என்றும், உயர் ஐ.க்யூ. உள்ளவர்களுக்கான சங்கத்தில் சேர்ந்துவிட்டான் என்றும் எழுதியிருந்தீர்கள். பையன் நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் கீழ் போர்ஷன் பெண் மாடியேறி வந்துவிட்டாள். "அங்கிள், நீங்ககூட ஒரு காலத்துல இந்த மாதிரி ஒண்ணுல மெம்பரா இருந்தீங்களாமே, ஆன்ட்டி சொன்னாங்க. எங்க பையனையும் சேர்த்துவிடலாமா? யூஸ் இருக்குமா?" என்று கேட்டாள். பையனுக்குப் பத்து வயது. அன்றைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், டிராயிங் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு 2019இல் ஓய்வு பெற்றவன் நான். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர் ஒருவர் என் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அளவு போட்டிருக்கே, யூனிட் எங்கே? 25னா மில்லிமீட்டரா, இஞ்சா? கடைசல்காரன் உன் வீட்டுக்கு வந்து கேப்பானா?" உங்கள் செய்தியைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. 148 சரி, எந்தத் தேர்வில்?

ஐ.க்யூ. தேர்வுகள் எல்லாவற்றிலும் சராசரி 100தான். ஆனால் சராசரிக்கு மேலும் கீழும் மதிப்பெண் எவ்வளவு பரவி நிற்கிறது என்பதற்கு ஒவ்வொரு தேர்வும் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. வெக்ஸ்லர் தேர்வில் அது 15. கேட்டல் தேர்வில் 24. நூறு பேரை வரிசையாக நிற்கவைத்து முன்னால் நிற்கும் இரண்டு பேரைப் பிரித்தெடுத்தால், வெக்ஸ்லர் கணக்கில் அந்தப் பிரிக்கும் கோடு 130ஐ ஒட்டி விழும், அதாவது 100க்கு மேல் இரண்டு 15. அதே கோட்டைக் கேட்டல் கணக்கில் எழுதினால் 100க்கு மேல் இரண்டு 24, அதாவது 148. மூளை அப்படியேதான் இருக்கும், ஸ்கேல் மட்டும் மாறும். இதனால்தான் இந்தச் சங்கங்களும் எண்ணைப் பிடித்துத் தொங்காமல், நூற்றில் எத்தனையாவது ஆள் என்றே பார்க்கின்றன. இவற்றில் பெரியதும் பழையதுமான மென்சா கேட்பது மேல் 2 சதவீதம். ஆயிரத்தில் ஒருவர்தான் வேண்டும் என்று கேட்கிற டிரிபிள் நைன் சொசைட்டியும் உண்டு. அதற்கும் மேலே போய்ப் பத்து லட்சத்தில் ஒருவர் என்று கேட்கிற மெகா சொசைட்டியும் உண்டு. அந்த உயரத்தில் எந்தத் தேர்வைக் கொண்டு அளப்பது என்பதே பெரிய தகராறு, அதற்குள் நான் போகவில்லை.

இரண்டு சதவீதம் என்றால் என்ன என்று எங்கள் தெருவை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 வீடு, சுமாராக 250 பேர். அதில் ஐந்து பேர் மென்சாவில் சேரலாம். அந்த ஐந்தில் ஒருவர், சீட்டு எதுவும் எழுதாமல் 40 வீட்டுத் துணியைப் பிரித்துத் தருகிற எங்கள் இஸ்திரிக்காரராக இருக்கலாம். 140 கோடி பேர் உள்ள நாட்டில் இந்தக் கணக்கு 2 கோடியே 80 லட்சத்தில் வந்து நிற்கும். உலகம் முழுவதும் சேர்த்தே மென்சாவில் இருப்பவர்கள் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம்தான். தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

மென்சா பிறந்த கதை, ரயில்வேக்காரன் என்பதாலோ என்னவோ, எனக்குப் பிடிக்கும். 1945இல் இங்கிலாந்தில் ஒரு ரயிலில் ரோலண்ட் பெரில், லான்ஸ்லாட் வேர் என்று இரண்டு பேர் பேச்சுக் கொடுத்துப் பழகினார்கள். அடுத்த வருஷம் ஆக்ஸ்ஃபோர்டில் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். மென்சா என்றால் லத்தீனில் மேஜை. எல்லோரும் சமமாகச் சுற்றி உட்காரும் வட்ட மேஜை என்று அர்த்தப்படுத்திக்கொண்டார்கள். ஆனால் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் எளிய வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருந்ததில் பெரிலுக்கு ஏமாற்றம் என்று சொல்வார்கள். மனுஷன் எதிர்பார்த்தது எந்த மேஜையை என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. நான் சேர்ந்த சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2002இல், 43 வயதில், ஆபீஸ் நண்பர் ஒருவர் தூண்டிவிட்டதால் பரீட்சை எழுதினேன். மூன்றுக்கு மூன்று கட்டம், எட்டில் உருவம் இருக்கும், ஒன்பதாவது காலி. கீழே உள்ளவற்றில் எது பொருந்தும் என்று குறிக்க வேண்டும். வருஷக்கணக்காக பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று ஒரே பொருளை மூன்று பக்கமிருந்து பார்த்தே பிழைத்தவனுக்கு அது சிரமமாக இல்லை. மூளையால் பாஸ் ஆனேனா, தொழிலால் பாஸ் ஆனேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கடிதம் வந்த அதே மாதத்தில் டிபார்ட்மென்ட் புரமோஷன் பரீட்சையில் ஃபெயில். என் மனைவி இரண்டு தாளையும் ஒரே கவரில் போட்டு பீரோவில் வைத்தாள். அந்த வாரம் காஸ் புக் பண்ண மறந்ததற்கும் சேர்த்து, "ஏங்க, நூத்துல ரெண்டு பேருன்னா மிச்சம் 98 பேர் வீட்ல அடுப்பு எரியுது" என்றாள்.

கூட்டம் மாதம் ஒருமுறை, திருவான்மியூரில் ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். ஏழெட்டுப் பேர் வருவோம். முதல் இரண்டு கூட்டம் எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது. அவரவர் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொள்ளும் இரண்டு பேர் எப்போதும் இருந்தார்கள். சாப்பிட எங்கே போவது என்று முடிவுசெய்ய இவ்வளவு மூளைகளுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம், "கார் திரும்பும்போது வெளிச் சக்கரம் வேகமாச் சுத்தணும்னு டிஃபரன்ஷியல்னு ஒரு கியர் வெச்சிருக்கான். ரயிலுக்கு ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுக்கியிருக்கே, அது எப்படி வளைவுல போகுது?" என்று கேட்டார். அத்தனை வருஷ சர்வீசில் என்னை யாரும் கேட்காத கேள்வி. வீட்டிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, ரயில்வே என்றால் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகுமா என்றுதான் கேட்பார்கள். நான் டீ குடித்த காகிதக் கப் இரண்டை வாயோடு வாய் சேர்த்து செலோ டேப் ஒட்டினேன். துணி காயப்போடும் மூங்கில் கழிகள் இரண்டைச் சரிவாக வைத்து, கப்பை மேலிருந்து உருட்டிவிட்டேன். நடுவில் தடித்து ஓரத்தில் ஒடுங்கிய அந்தக் கப் ஜோடி கொஞ்சம் இடதுபக்கம் சாயும், தானே வலதுபக்கம் வரும், கழியை விட்டு விழாமல் கீழே வந்து சேரும். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பும் அப்படி உள்பக்கம் தடித்து, வெளிப்பக்கம் ஒடுங்கும்படி சரிவாகக் கடைந்ததுதான், 20 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில். வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருளும், உள்சக்கரம் சின்ன விட்டத்தில் உருளும். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணி வரைக்கும் கப்பைத் திருப்பி ஒட்டிப்பார்த்தார்கள், கழியை வளைத்துப்பார்த்தார்கள். திருப்பி ஒட்டினால் உடனே விழுந்துவிடும். சாப்பிடப் போக மறந்தே போனோம்.

இதற்காக இரண்டு வருஷம் சந்தா கட்டினேன், தப்பில்லை. அந்தப் பெரியவர் இறக்கும் வரை எனக்கு நண்பர். கேள்வி கேட்டால் கேலி பண்ணாத நாலு பேர் பக்கத்தில் இல்லாதவனுக்கு இப்படி ஒரு சங்கம் பெரிய ஆறுதல். ஆனால் கையில் ஓர் அட்டை வந்தது என்பதைத் தவிர வேலையிலோ சம்பளத்திலோ எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அட்டை தலைக்கு ஏறி, 2006இல் 11 வயது மகளை ஒரு தேர்வுக்கு அழைத்துப்போனேன். மார்கழியில் 15 புள்ளி சிக்குக் கோலத்தைப் புத்தகம் பார்க்காமல், கை எடுக்காமல் போட்டு முடிக்கிறவள். இதைவிட அந்தக் கட்டம் என்ன பெரிதா என்று நினைத்தேன். இரண்டு மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மேஜையில் உட்காரவைத்துப் பயிற்சி வேறு கொடுத்தேன். பழகப் பழக மதிப்பெண் கூடும். அப்படிக் கூடுவது பழக்கம்தான், அறிவில்லை என்பது தெரிந்தும் கொடுத்தேன். முடிவு ஒரே வரியில் வந்தது: தகுதி பெறவில்லை. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ராத்திரி அவள் அம்மாவிடம், "அப்பாவுக்கு இருக்கிறது எனக்கு இல்லையாம்மா?" என்று கேட்டது சமையலறையிலிருந்து என் காதில் விழுந்தது.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் கலிஃபோர்னியா பள்ளிகளில் ஐ.க்யூ. தேர்வு வைத்துச் சலித்தெடுத்து மேதைக் குழந்தைகள் பட்டியல் ஒன்று தயாரித்தார். சோதித்துப் பார்த்து மதிப்பெண் போதாது என்று விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும் உண்டு. இருவருமே பிற்காலத்தில் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள், 1956இலும் 1968இலும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஷாக்லியே வயதான காலத்தில் ஐ.க்யூ. குறைந்தவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை செய்யலாம் என்று பேசிப் பேர் கெட்டுப்போனார். இதையெல்லாம் அப்போது படித்திருந்தால் மகளிடம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். 11 வயதுக் குழந்தைக்கு நோபல் கதை ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு.

இந்தத் தேர்வுக்கு ஆதி என்ன என்பதையும் கீழ் போர்ஷன் பெண்ணுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். 1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடர் சிமோனும் இதைச் செய்தது வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்குத் தனி உதவி கொடுக்க. முன்னால் நிற்பவர்களைப் பொறுக்கி மாலை போட அல்ல. உதவி கொடுக்கும் நோக்கத்தில் அதற்குப் பிறகும் செய்தவர்கள் உண்டு. புனே பக்கத்துப் பழங்குடிப் பள்ளிகளில் இந்திய மென்சாக்காரர்கள் பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்கள் மேலே படிக்க வழிகாட்டினார்கள். அங்கே அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் தெரு முனையில் நடு மூளையைத் தட்டி எழுப்புகிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிறேன் என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிற சென்டரில் அதற்கு வேறு வேலை. மூக்கோரத்து இடுக்கில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பது நின்று கவனித்தால் யாருக்கும் புரியும். அந்தப் பெண் அங்கேயும் விசாரித்து வைத்திருக்கிறாள். அதைத் தொடவே வேண்டாம் என்பதை மட்டும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மிச்சத்தை இங்கே சொல்கிறேன் அம்மா. உன் பையன் வளர்ந்து, பேசத் துணை இல்லாமல் தவித்தால், தன் காசில் தானே போய் எழுதட்டும். இப்போதைக்கு அவன் கேட்கிற கேள்வியோடு என்னிடம் அனுப்பு. காகிதக் கப் நான் வைத்திருக்கிறேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி போடும்போது எந்தத் தேர்வு என்பதையும் ஒரு வரி சேருங்கள். இன்னொன்று, கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். மகளும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது புதிர்ப் பக்கத்தை மட்டும் மடித்து, படிக்காமல் என் பக்கம் தள்ளிவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை