கிழக்கு ஏழாம் தெருவின் பழைய கடை

சென்னை
கார்த்திகை 10

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். கடையைப் பற்றி நீ கேட்டிருந்ததுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் தம்பி மகன் முன்பக்கத்தை முழுதாக இடித்துக் கண்ணாடி போடலாம் என்கிறான். அத்தை ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்கிறார். அறுபது வருடக் காபித்தூள் கடை, நடுவில் நீ. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறாய். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று யோசித்தபோது, நியூயார்க்கில் நான் பார்த்த ஒரு பழைய ஐரிஷ் மதுக்கடை ஞாபகத்துக்கு வந்தது. உன்னிடம் அதைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன், முழுதாகச் சொன்னதில்லை.

கயல் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது நான் போயிருந்தேன் அல்லவா, அப்போது. மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில் கிழக்கு ஏழாம் தெரு, 15ஆம் எண். மெக்சோர்லீஸ் ஓல்ட் ஏல் ஹவுஸ் என்று பெயர். வார நாள், மதியம் சாய்ந்த நேரம். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. தரை முழுக்க மரத்தூள். நடுவில் தொந்தி வைத்த இரும்பு அடுப்பு, குளிர்காலத்தில் நிலக்கரி போட்டு எரிப்பார்களாம். சுவரில் கையகலம்கூட இடம் கிடையாது. மங்கிப்போன போட்டோக்கள், பத்திரிகைத் துண்டுகள், லிங்கன் படங்கள், யாரோ போட்டுவிட்டுப் போன தொப்பிகள். 1910ஆம் ஆண்டுக்குப் பிறகு சுவரிலிருந்து எதையும் எடுத்ததில்லை என்பது அவர்கள் பெருமை. மேஜைகளில் நூறு வருடத்துப் பெயர்கள் கத்தியால் செதுக்கியிருக்கின்றன. நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே நீண்ட மெனு எல்லாம் இல்லை. 'லைட்டா, டார்க்கா?' என்று மட்டும் கேட்கிறார்கள். இரண்டுமே ஏல் என்கிற பியர் வகை, ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. ஒருவருக்கு ஒரு குவளை என்று தருவதில்லை, கேட்டால் இரண்டு சின்னக் குவளைகளாகத்தான் வரும். பரிமாறுகிறவர் இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாகக் குவளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் கறுப்பு வாங்கினேன். கசப்புக்குப் பின்னால் லேசாக ஓர் இனிப்பு, வறுத்த தானிய வாசனை. எனக்குப் பிடித்திருந்தது. தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கட், சீஸ், வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம், மூக்கில் ஏறுகிற கடுகுச் சாந்து. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடிக்கிற மாதிரிதான் இருந்தது. உழைத்துக் களைத்து வருகிறவனுக்கான தீனி அது, பார்த்த உடனே தெரிந்துவிடும்.

யாருக்காக அந்தக் கடை வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழுகி, தொடர்ந்து சில வருடம் பெரும் பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். 1850களின் நடுவில் நியூயார்க்கில் நாலு பேரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். டைரோன் மாவட்டத்திலிருந்து வந்த ஜான் மெக்சோர்லி என்பவர் தன் ஆட்களுக்காகத் தொடங்கிய கடை இது. ஒரே அறையில் குடும்பமே அடைந்து கிடந்த காலத்தில், வேலை முடிந்து கால் நீட்டி உட்கார அந்த மனிதர்களுக்கு வேறு இடம் ஏது? மெக்சோர்லியும் கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்து, 1910இல் அங்கேயே இறந்தார். பிறகு மகன் பில்.

கடை முகப்பில் 1854 என்று போட்டிருக்கிறது. பழைய வரிக் கணக்குகளைத் துருவிப் பார்த்தவர்கள், 1860 வாக்கில்கூட அந்த மனை காலியாகத்தான் இருந்தது என்று வாதிடுகிறார்கள். அப்படியானால் கடைக்காரர்கள் ஆசையோடு சொல்லும் இன்னொரு கதையும் ஆட்டம் காண்கிறது. ஆபிரகாம் லிங்கன் 1860 பிப்ரவரி 27 அன்று பக்கத்திலேயே இருக்கும் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசினார். அந்தப் பேச்சுதான் அவரைக் குடியரசுத் தலைவர் பதவி வரைக்கும் கொண்டுபோனது என்பார்கள். பேச்சு முடிந்து இங்கே வந்து ஒரு குவளை அருந்தினார் என்பது கடைக் கதை. லிங்கன் வந்தாரோ இல்லையோ, என்னை அது உறுத்தவில்லை. எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது வேறு.

ராஜி, அந்தக் கடைக்குள் 1970 வரை பெண்கள் நுழைய முடியாது.

'நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் கிடையாது' என்பதுதான் கடையின் முழக்கமே. பெண்கள் பக்கத்தில் இருந்தால் ஆண்கள் அமைதியாகக் குடிக்க முடியாது என்று முதலாளி மெக்சோர்லி நினைத்தார். அவர் போன பிறகும் அது கடை வழக்கமாக நின்றுவிட்டது. கயல் எனக்கு இதைச் சொன்னது நாங்கள் உட்கார்ந்து, குவளைகள் வந்த பிறகு. நான் கல்யாணமாகி வந்த வருடத்துக்குச் சில காலம் முன்பு வரை, நானும் என் மகளும் உட்கார்ந்திருந்த நாற்காலியில் எந்தப் பெண்ணும் உட்கார முடியாமல் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே அந்த இடத்தை ரசித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் என்னை உலுக்கிய ஒருத்தியின் கதையைச் சொல்ல வேண்டும். மகன் பில் 1936இல் கடையை டேனியல் ஓகானல் என்கிற போலீஸ்காரருக்கு விற்றார், அவர் நெடுநாள் வாடிக்கையாளர். மூன்றே வருடத்தில் ஓகானல் இறந்துபோக, கடை அவர் மகள் டோரத்தி பெயருக்கு வந்தது. பெண்களை உள்ளே விடாத கடைக்கு ஒரு பெண் முதலாளி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கடை நடக்கிற நேரத்தில் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். கணவர் ஹாரி கிர்வனை மேற்பார்வைக்கு வைத்தாள். முப்பது வருடம்! தன் கடை, தன் பெயரில் பத்திரம், ஆனால் தன் கடையில் ஜனங்கள் சிரிப்பதையும் பேசுவதையும் உட்கார்ந்து கேட்க முடியாது.

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பர்க், கேரன் டிக்ரோ என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு பேரும் பெண்களுக்கான தேசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். உட்கார்ந்து ஏல் கேட்டார்கள், கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் கொடுத்த மது உரிமத்தை வைத்துக்கொண்டு பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் கடை, பாதிப் பொதுமக்களை எப்படி வெளியே நிறுத்தலாம் என்பதுதான் கேள்வி. 1970இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஆகஸ்ட் 10 அன்று மேயர் ஜான் லிண்ட்சே, பொது இடங்களில் பெண்களை ஒதுக்குவதைத் தடை செய்யும் நகரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அந்த அமைப்பின் லூசி கோமிசார் உள்ளே போனபோது, ஒருவன் ஒரு குவளை பியரை அவர் தலையில் கொட்டியிருக்கிறான். நினைத்துப் பார். கையெழுத்தின் மை காய்வதற்குள் இப்படி. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. டோரத்தியின் மகன் டேனி, முதலில் தன் அம்மாவைத்தான் உள்ளே அழைத்துப் போக நினைத்தாராம். அவள் மறுத்துவிட்டாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். அதனால் பக்கத்திலேயே தோல் செருப்புக் கடை வைத்திருந்த பார்பரா ஷாமை அவர் கையோடு கூட்டிப்போனார்.

டோரத்தியைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். அவள் சொல் தவறாதவள், அதை மதிக்கிறேன். ஆனால் அப்பா அந்த வாக்கை அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. இதை நினைக்கும்போதெல்லாம் நீதான் ஞாபகத்துக்கு வருகிறாய். மாமா போன பதினாறாம் நாள் நீ கல்லாவில் உட்கார்ந்தாய். 'பொம்பளை கல்லாவில உட்கார்ந்தா யாவாரம் ஓடாது' என்று உங்கள் சித்தப்பா வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். நீ பதில் பேசாமல் அரைக் கிலோ பொட்டலத்தை மடித்து, சணலைச் சுற்றி, வந்தவர் கையில் கொடுத்தாய். எனக்கு அந்தக் காட்சி இன்றைக்கும் மறக்கவில்லை. நீ அன்றைக்கு உட்காராமல் இருந்திருந்தால் இன்று இடிக்கலாமா வேண்டாமா என்று பேசுவதற்கே கடை இருந்திருக்காது.

அப்புறம் அந்த எலும்புகளைச் சொல்ல வேண்டும். கவுண்டருக்கு மேலே ஒரு பழைய விளக்கின் கம்பியில் வான்கோழியின் கவை எலும்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. நெஞ்சுப் பகுதியில் இருக்கும், கவட்டை வடிவ எலும்பு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, பெரிய துண்டு யாருக்கு வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்று அந்த நாடுகளில் ஒரு நம்பிக்கை. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட பையன்கள் கடைசி விருந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று மாட்டிவிட்டுப் போனவை அவை என்று கடையில் சொல்கிறார்கள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பவை வராதவர்களுடையவை. அவற்றின் மேல் பல வருடத் தூசி சடைசடையாகப் படிந்து தொங்கியது. 2011இல் சுகாதாரத் துறைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். குவளைக்கு நேர் மேலே தூசி தொங்கினால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? அப்போது முதலாளியாக இருந்த மேத்யூ மாஹர் வேறு யாரையும் தொட விடாமல், தானே ஒவ்வொன்றாக எடுத்துத் தூசியைத் துடைத்து, மறுபடி அதே கம்பியில் மாட்டினார். நான் பார்த்தது அந்தத் துடைத்த எலும்புகளைத்தான். ஒன்றும் குறைந்துபோகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த மாஹர் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்துக்காரர். ஹாரி கிர்வன் ஊருக்குப் போயிருந்தபோது அவர் கார் வழியில் நின்றுவிட, உதவிக்கு வந்தது இந்த இளைஞர். நியூயார்க் வந்தால் வேலை தருகிறேன் என்றார் ஹாரி. அதை நம்பி 1964இல் வந்து சேர்ந்தவர், 1977இல் கடையையே வாங்கினார், 2020இல் இறக்கும் வரை அதோடுதான் இருந்தார். அவர் மகள் தெரசாதான் 1994இல் அங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுத்த முதல் பெண். டோரத்தி பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று கயலிடம் கேட்டேன். 'சந்தோஷப்பட்டிருப்பாம்மா' என்றாள். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை வந்தது மட்டும் 1986இல்தான். தீர்ப்புக்கு அப்புறமும் பதினாறு வருடம். கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

சரி, உன் கடைக்கு வருகிறேன். தராசு இருக்கட்டும். படிக்கல்லைப் போட்டு அதில் நிறுப்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், நீ எலக்ட்ரானிக் தராசை அரசாங்க முத்திரைக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள். வாடிக்கையாளர் உட்காரும் அந்தத் தேக்குப் பெஞ்சும் இருக்கட்டும். மாமா மாட்டிய படங்களை நீயே இறக்கித் துடைத்து அதே இடத்தில் மாட்டு, ஆள் வைத்துச் செய்யாதே. ஆனால் அந்த உயர வாசற்படியை இடித்துவிடு. முட்டிவலிக்காரர்கள் தெருவிலேயே நின்று குரல் கொடுத்து வாங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். வறுக்கிற இடத்துக்குப் புகைபோக்கி வைத்தே ஆக வேண்டும். செல்வம் இருமுவது பெஞ்ச் வரைக்கும் கேட்கிறது, 'அந்தக் காலத்திலேர்ந்து அப்படித்தான்' என்று அத்தை சொன்னால் விட்டுக்கொடுக்காதே. கண்ணாடி வேண்டும் என்றால் உன் தம்பி மகன் ஒரு பக்கம் போட்டுக்கொள்ளட்டும். அவன் கடை மேல் ஆசையாகத்தான் கேட்கிறான், அதை முகத்தில் அடித்த மாதிரி மறுக்காதே. அவனிடம் வறுப்புப் பதத்தைக் கற்றுக்கொள்ளச் சொல். பீபெரி காபிக்கொட்டை வறுபடும்போது எப்போது வெடிக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்லத் தெரிந்தவள் உங்கள் வீட்டில் நீ ஒருத்திதான், அது உன்னோடு நின்றுவிடக் கூடாது.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இவர் ஓய்வு பெற்ற பிறகு காலையில் மெரினாவில் நடக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கயலுக்கு இந்த வருடம் விடுமுறை தையில்தான் கிடைக்கும் என்கிறாள். வந்ததும் இருவரும் கும்பகோணம் வருகிறோம். உழவன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகாலையில் இறங்கிவிடலாம், ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம், கடை திறக்கிற நேரம். வரும்போது அங்கிருந்து ஏதாவது வேண்டுமா என்று கயல் கேட்கிறாள். யோசித்து எழுது.

உன்,
பத்மா