வேலையை எடுத்துக்கொள், ஹெர்பர்ட்டை விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் அப்பா குறுக்கே குறுக்கே வந்து ரூபாய்க் கணக்குக் கேட்பார். அதற்குள் உனக்கு அங்கே நடுராத்திரி ஆகிவிடும். அதனால் நீ கேட்டதற்கு எழுதியே பதில் சொல்கிறேன்.

வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலையில் இருந்துகொண்டு, இலக்கியத் துறையில் டெனியூர் டிராக் இடம், அதாவது பின்னால் நிரந்தரமாகக்கூடிய பேராசிரியர் இடம், வரும் என்று இன்னும் காத்திருப்பதா, இல்லை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் நிரந்தர லெக்சரர் வேலையை எடுத்துக்கொள்வதா என்று கேட்டாய். இரண்டாவதை எடுத்தால் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டோடு ஆராய்ச்சியில் கழித்த காலமெல்லாம் வீண்தானே என்றும் கேட்டாய்.

எடுத்துக்கொள். வீண் இல்லை. ஆனால் எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கம்போசிஷன், அதாவது இந்த எழுத்து வகுப்பு, துறையின் கொல்லைப்புறம் என்று நீ சலித்துக்கொண்டாய். உங்கள் அமெரிக்காவில் அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 1874இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை கேட்க ஆரம்பித்தது. நல்ல பள்ளிகளில் படித்து வந்த பையன்களுக்கே எழுத வரவில்லை. முதலாண்டில் எழுத்து வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள், மற்ற இடங்களிலும் அது பரவியது. கட்டுக்கட்டாகக் கட்டுரை திருத்தும் வேலை நாளடைவில் ஆராய்ச்சி மாணவர்கள் தலையிலும் தற்காலிக ஆசிரியர்கள் தலையிலும் விழுந்தது. பேராசிரியர்கள் இலக்கியத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஆள் வைத்துச் செய்விக்கிற வேலைக்கு எந்த ஊரில் மரியாதை இருக்கிறது?

ஆனால் உன் ஹெர்பர்ட் காலத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. 1618இல் அவர் கேம்பிரிட்ஜில் ரெட்டரிக் சொல்லிக்கொடுத்தார். அதாவது, சொல்ல வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடுக்குவது, எவருக்கு எப்படிச் சொல்வது. இன்றைக்கு உன் பாடத்திட்டத்தில் இருப்பதும் அதுதானே? 1620இல் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளர் ஆனார். அரசருக்கும் பெரிய மனிதர்களுக்கும் பல்கலைக்கழகத்தின் பேரில் லத்தீனில் நன்றிக் கடிதம் எழுதுவது அவர் வேலை. 1630இல் சாலிஸ்பரி பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சின்ன ஊருக்குப் பாதிரியாராகப் போனார். மூன்று வருஷத்தில், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்தும் போனார். கவிதைகள் புத்தகமாக வந்தது அதே 1633இல். எழுத்து வாத்தியாராக இருந்த மனிதரைப் படித்துவிட்டு, எழுத்து வாத்தியார் வேலை தனக்குக் குறைவு என்று நீ நினைப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மடிக்கணினியில் எனக்கு ஒன்று காட்டினாயே, லண்டன் டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்தின் ஹெர்பர்ட் கையெழுத்துப் பிரதி. அச்சில் வந்த கவிதைகளில் ஏறக்குறைய பாதிதான் அதில் இருக்கின்றன. வேறொருவர் அழகாகப் படியெடுத்திருக்கிறார், அதன் மேல் ஹெர்பர்ட் தன் கையாலேயே அடித்துத் திருத்தியிருக்கிறார். நம் பாளையங்கோட்டைக் கோயிலில் ஆங்கில ஆராதனையில் பாடுவோமே, எல்லாவற்றிலும் உம்மைக் காணக் கற்றுத் தாரும் என்று தொடங்கும் ஹெர்பர்ட்டின் பாட்டு, அதை நீ திறந்து காட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் மனப்பாடமாகப் பாடும் முதல் பத்தியின் இடத்தில் வேறொரு பத்தி இருந்தது. தலைப்பை அடித்து மாற்றியிருக்கிறார். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, தொட்டதைப் பொன்னாக்கும் கல்லைப் பற்றிய பத்தியை எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் அந்தப் பாட்டு வானத்திலிருந்து அப்படியே இறங்கி வந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதை வகுப்புக்குக் கொண்டு போ. முதல் வாரமே. பேர், காலம் ஒன்றும் சொல்லாமல் இரண்டு வடிவங்களையும் கையில் கொடுத்து, எது முதலில் எழுதியது, ஏன் மாற்றினார் என்று கேள். மெஷினிடம் கட்டுரை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள் என்று புலம்பினாயே, அந்தப் பிள்ளைகளுக்கு டிராஃப்ட் என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தக் கையேடு காட்டும்? ஜோர்டான் என்ற தலைப்பில் இரண்டு கவிதைகள் உண்டே, அதில் இரண்டாவதையும் சேர்த்துக்கொள். ஜிகினா வைத்து எழுதப்போய், அடித்து அடித்து, இது உயிரில்லை அது போதாது என்று அவர் திண்டாடுவதை உன் மாணவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பக்திக் கவிதையா என்று தயங்குவாய். கடவுளை மறைத்துவிட்டு உத்தியை மட்டும் காட்டினால் ஹெர்பர்ட்டில் மிச்சம் ஒன்றும் இருக்காது. யாரையும் நம்பச் சொல்ல வேண்டாம். இந்த மனிதர் யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் கேள். எல்லாம் தெரிந்த ஒருவரிடம் பேசுகிறார், அங்கே அளக்க முடியாது, நடிக்க முடியாது. அப்படி ஒரு வாசகரை வைத்துக்கொண்டு எழுதினால் வாக்கியம் எப்படி மாறும்? தொழுகிற பிள்ளையும் எதையும் நம்பாத பிள்ளையும் இதற்கு ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் தேடலாம்.

இங்கே நான் வேலை பார்த்த கல்லூரியில் எழுத்து என்று ஒரு பாடமே சரியாக இருந்ததில்லை. ஜெனரல் இங்கிலீஷில் ஒரு லெட்டர், ஒரு சுருக்கம், அவ்வளவுதான். ஹெர்பர்ட்டின் ‘புல்லி’ (கப்பி) என்ற கவிதையை நோட்ஸ் சொல்லி எழுத வைப்போம், கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து, அதையே பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள். ஒரு பெண் தானாக யோசித்து எழுதினால் மார்க் குறையும். இருபது பேர் எழுதியதை வாசித்து, ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, நீ என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்கிற வேலைக்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. கிராமத்துப் பாதிரியார் எப்படி இருக்க வேண்டும் என்று ஹெர்பர்ட் எழுதி 1652இல் அச்சான புத்தகத்தில், கேள்வி பதிலாக ஞானோபதேசம் கற்பிக்கும் அத்தியாயத்தை மறுபடி வாசி. பிரசங்கத்தின்போது ஆள் தூங்கலாம், மனம் எங்கேயாவது போகலாம், ஆனால் கேள்வி கேட்டால் தான் யார் என்று காட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். கலப்பை, கோடாரி, புளித்த மாவு என்று கையில் கிடைத்ததை வைத்துப் பாடம் சொல்லச் சொல்கிறார். இதைவிட நல்ல ஆசிரியர் பயிற்சி எனக்கு யாரும் தரவில்லை.

சரி, நிபந்தனைகள். நாம் கோயிலில் பாடும் அதே பாட்டில் வேலைக்காரன் அறையைப் பெருக்குவதைக் கடவுளுக்கென்று செய்தால் அந்த வேலையும் புனிதமாகும் என்று வருகிறதல்லவா, அதை நம்பி ஏமாந்துவிடாதே. பெம்புரோக் பிரபுக்களின் உறவுக் குடும்பத்தில் பிறந்தவர் எழுதிய வரி அது. துடைப்பம் பிடித்தவனிடம் யாரும் கேட்கவில்லை. சேவை, அர்ப்பணிப்பு என்று இனிக்க இனிக்கப் பேசி ஒரு செக்‌ஷனைக் கூடுதலாகத் தலையில் கட்டுவார்கள். செமஸ்டருக்கு நாலு வகுப்புக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே. ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் வேண்டாம், எழுத்து ஆசிரியர்களின் சங்கமே அதைத்தான் சொல்கிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். கோடை விடுமுறை உன் புத்தகத்துக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இலக்கியப் பாடம் ஒன்று உனக்குத் தர வேண்டும். இவ்வளவையும் வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்.

தரமாட்டோம் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் போன் பண்ணு. அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசலாம்.

அம்மா