முருங்கைக்கீரையும் மாத்திரையும்

ஆசிரியருக்கு,

செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், வயது 68. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான இதயத்துடிப்புக்கு கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவு தாண்டிப் போய் வைத்தியம் பார்க்கிறேன். "வார்ஃபரினா, அபிக்ஸபானா, இல்லை அப்லேஷனா?" என்று மலையாளத்தில் கேட்ட டாக்டர், நான் வாய் திறக்கும் முன்பே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

விவரம் சொன்னது வெளியே இருந்த நர்ஸம்மாதான். வார்ஃபரினும் அபிக்ஸபானும் இதயத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்; அப்லேஷன் என்பது தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை. வார்ஃபரின் விலை மலிவு. ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரையை ஒருநாள் குவித்து, ஒருவாரம் மறந்தால், அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்வதால், அந்த அளவு ஆடிவிடுமாம். எங்கள் வீட்டில் அது வாரம் மூன்று நாள்! அபிக்ஸபானுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டாம். இரண்டு வேளையும் தவறக் கூடாது, காசும் கூடுதல். அப்லேஷன் செய்தாலும் சில மாதமாவது ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரும்.

சோதனைக்கு அலைந்தால் கடையைப் பூட்ட வேண்டும். சரி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சோதனை பார்த்துவிட்டு அபிக்ஸபான் என்று முடிவு செய்தேன்.

எல்லையோர மருத்துவமனைகள் இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாமே?

ஒரு வாசகர்,
செங்கோட்டை