பேராசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்காரப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அடுத்த நேர்காணலுக்கு நாள் குறிக்கும் முன் ஒரு பழைய விவகாரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

1851இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி விண்ணப்பித்தார். டார்வினே நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்ததோ வில்லியம் ஹிங்க்ஸுக்கு. கனடா மாகாண அரசுக்கு அப்போது தலைமை வகித்த பிரான்சிஸ் ஹிங்க்ஸின் அண்ணன் அவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா என்ன?

அதே சமயத்தில் சிட்னி வேறு வழியில் போனது. புதிய பல்கலைக்கழகத்துக்கு ஆள் தேடும் பொறுப்பை லண்டனில் ஒரு குழுவிடம் விட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல், அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி, கிரேக்க மொழிப் பேராசிரியர் ஹென்றி மால்டன் ஆகியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய வூலி, பெல், ஸ்மித் என்ற மூவரோடு 1852இல் சிட்னியில் வகுப்புகள் தொடங்கின. அடுத்து மெல்போர்னும் ஹெர்ஷல், ஏரி, மால்டன் மூவரையே நாடியது. சிட்னியில் வாழ்ந்து, அங்கே சட்டமன்றத்திலும் இருந்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் லோவும் அந்தக் குழுவில் சேர்ந்தார். 1854இல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் தூரம். கடிதம் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மெல்போர்ன் பிரமுகர் ஒருவர் மச்சானுக்காகச் சிபாரிசு செய்ய நினைத்தாலும், அந்தக் கடிதம் கப்பலில் வருவதற்குள் முடிவாகியிருக்கும். யார் போனாலும் ஹெர்ஷலுக்கோ ஏரிக்கோ ஆகப் போவது ஒன்றுமில்லை.

ஆனால் இதே மனிதர்களிடம் வேறொரு சாய்வு இருந்தது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெறுபவரைச் 'சீனியர் ராங்க்லர்' என்பார்கள். ஹெர்ஷல் 1813இன் சீனியர் ராங்க்லர், ஏரி 1823இல். சிட்னிக்கு அவர்கள் அனுப்பிய கணிதப் பேராசிரியர் பெல் 1849இன் சீனியர் ராங்க்லர். மெல்போர்னுக்குப் போன கணிதப் பேராசிரியர் வில்சன் 1847இல். யாரிடமும் லஞ்சம் வாங்கவில்லை, சொந்தக்காரருக்கும் கொடுக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து 'இவர்தான் தகுதியானவர்' என்றார்கள், அவ்வளவுதான். வில்சன் மோசமான தேர்வு அல்ல. மெல்போர்னில் வானாய்வகம் வேண்டும் என்று விடாமல் பேசியவர் அவர். இருந்தாலும், வேறு வழியில் படித்து வந்த ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்திருக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

அடிலெய்டு கதையைச் சொல்லி நீங்கள் மறுக்கலாம். 1885இல் அங்கே கணிதத்தோடு இயற்பியலும் கற்பிக்க வேண்டிய பேராசிரியர் இடம் காலியானது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் பேராசிரியர் ஜே. ஜே. தாம்சனோடு நடந்து போகும்போதுதான் வில்லியம் ஹென்றி பிராக் அதைக் கேள்விப்பட்டார். கடைசி நேரத்தில் விண்ணப்பித்தார். தேர்ந்தெடுத்தவர்களில் தாம்சனும் ஒருவர்! அன்று பிராகுக்கு இயற்பியலில் பெரிய பயிற்சி இல்லை. கப்பலில் போகும்போது படித்துக்கொண்டே போனார். 1915இல் அவருக்கும் அடிலெய்டில் பிறந்த மகனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. சரி, நல்லதாகவே முடிந்தது. ஆனால் அன்று தாம்சனோடு நடக்காதவர்களுக்கு அதில் என்ன வழி இருந்தது?

ஆகவே இரண்டு கோரிக்கைகள். முடிவால் லாபமோ நட்டமோ இல்லாத வெளியூர்க்காரர்கள் குழுவில் பெரும்பான்மையாக இருக்கட்டும். அப்புறம், விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன் ஒவ்வொருவரும் தாம் படித்த கல்லூரி, ஆய்வு வழிகாட்டி, தம்மிடம் ஆய்வு செய்த மாணவர்கள் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். முடிவு அறிவிக்கும் அன்று அந்தத் தாளையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகங்கள் மீது இன்னும் அக்கறை உள்ள ஒரு வாசகர்